திக்காத குரல்

மார்ச் 4

டேய் தம்பி,

நலமா என்று கேட்பது இம்முறை வெறும் சம்பிரதாயம் இல்லை. நிஜமாகவே தெரிய வேண்டும். "இந்த வீட்டுக்கு போன் பண்ணாதே" என்று அப்பா சொன்னதற்காக நம்பரையே மாற்றிய ரோஷக்காரன் நீ. நீ அம்மாவுக்கு அனுப்பிய பார்சலின் மேலிருந்த முகவரிதான் இப்போது எனக்குக் கதி.

நேற்று மருந்துக்கடை வேலை முடிந்து வந்தால், அப்பா அறைக் கதவை உள்ளே தாழிட்டிருக்கிறார். வெளியே அம்மா, "காலையிலேர்ந்து உள்ளயே இருக்காருடி, சாப்பிடக்கூட வரல" என்று அழுகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் ஒருவன் போலீஸ் உடையில். உன் பெயரில் போதைப்பொருள் பார்சலாம். உன்னைப் பிடித்துவிட்டார்களாம். உன்னை விட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டுமாம். வெளியே சொன்னால் உனக்குத்தான் ஆபத்தாம்.

"அவன் உங்க பையன்தானே?" என்று அவன் அதட்டினான்.

"ஆமாங்க, என் பையன்தான்."

நீ அவரை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து "எனக்குப் பையனே இல்லை" என்று சொந்தக்காரர்களிடம் மார்தட்டிய அதே வாய்.

கார்டு நம்பரைச் சொல்லிவிட்டார். ஓடிபி வந்துவிட்டது. அதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார். அப்போது உன் குரல் கேட்டது. "அப்பா, பயமா இருக்குப்பா, என்னைக் காப்பாத்துங்கப்பா." அச்சு அசல் நீயேதான். தாழ்ப்பாள் பிய்ந்து வர, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"அப்பா, இது அவன் இல்ல!"

"உன் தம்பி குரல் உனக்குத் தெரியலையா?"

"குரல் அவனுதுதான். ஒரு 'அப்பா'வாச்சும் திக்குச்சா?"

அப்பா என்னையே பார்த்தார். பிறகு போனை அணைத்தார். சேமிப்பு பற்றிப் பேசவே இல்லை. "அப்போ அவன் நல்லா இருக்கானா?" என்றுதான் கேட்டார்.

உடனே எழுது.

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

முழுசாக இருக்கிறேன். எவனும் பிடிக்கவில்லை. பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர், சாயங்காலம் இவள் கையால் டீ. உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். திக்கல் இல்லை, வேறு.

குரல் எங்கே கிடைத்தது என்று யோசித்தேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனிக்காக ஒரு வீடியோவில் பேசினேன். நான் திக்கிய இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் போட்டார்கள். கேட்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்குமாம்! ஒருவேளை திருடன் அதைக் கேட்டுத்தான் என்னைக் கற்றுக்கொண்டானோ என்னவோ.

என் புது நம்பரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இனி யார் மிரட்டினாலும் முதலில் போனை வையுங்கள். பிறகு நீங்களே என்னைக் கூப்பிடுங்கள். வீடியோவில் கைது செய்கிற போலீஸ் எங்கேயும் கிடையாது. ஓடிபியை என்னிடம்கூடச் சொல்லக் கூடாது. பேங்குக்குச் சொல்லி அந்தக் கார்டை உடனே நிறுத்து.

நிஜமாகவே "என் பையன்தான்" என்றாரா?

தம்பி

மார்ச் 14

டேய்,

நிஜமாகவே சொன்னார். அதுவும் கைகட்டிக்கொண்டு.

கார்டை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். காசு போகவில்லை. புகார் கொடுக்கப் போனால், "அதான் எதுவும் போகலையே, அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?" என்றார் ஸ்டேஷனில் இருந்தவர். எழுதி வாங்கும்வரை நகர மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாங்கினார்.

சித்தப்பா வந்து, "இவ்வளவு அனுபவம் இருந்தும் ஏமாறப் பாத்தியேண்ணே" என்று சிரித்தார். ஏமாற்றியவனை ஒருத்தரும் திட்டக் காணோம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே, "பையன்கிட்ட பேசாதேன்னு எனக்குத் தூபம் போட்டவன்தானே நீ? பேசிட்டிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும். எழுந்து போடா" என்றார். சித்தப்பா காபியைக்கூட முடிக்கவில்லை.

உன்னை நான் கூப்பிடவில்லை. முதலில் அப்பாவே கூப்பிடட்டும் என்றுதான். காலையில் உன் நம்பரை அழுத்துவதும் அணைப்பதுமாக இருந்தார். கடைசியில் என்னிடம் வந்து எரிச்சலாகச் சொன்னார்:

"ஒரு நம்பர் போதாது. அவன் லிஃப்டுக்குள்ள இருந்தா சிக்னல் கிடைக்காது. மருமக நம்பரையும் கேட்டு எழுது."

அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா