முடிச்சூர் மழையின் தேதி

சார்,

இன்று காலை மழைமானியின் புனலில் வேப்பம்பூ அடைத்துக்கொண்டிருந்தது. நேற்று இரவு பெய்தது கோடை மழைதான், பெரிய மழை இல்லை. பூவை விரலால் தள்ளினேன். தேங்கி நின்ற தண்ணீர் உள்ளே இறங்கியது. விரலில் அந்தக் கசப்பு வாசனை ஒட்டிக்கொண்டது. கூடவே உங்கள் குரலும் வந்துவிட்டது.

"மரத்தை வெட்டுங்க அண்ணா, இல்ல மானியை நகர்த்துங்க. ரெண்டும் மாட்டேன்னா எப்படி?"

இரண்டும் மாட்டேன் என்றுதான் கடைசிவரை சொன்னேன். மானிக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களோ அதற்கு மேலேயே இருக்கிறது. கயிறு பிடித்துக் காட்டினேன், நினைவிருக்கும். காற்றில் பூ பறந்து வந்து விழுந்தால் அதற்கு நானா பொறுப்பு?

நீங்கள் மாசியில் போய்ச் சேர்ந்தீர்கள். அதற்குப் பிறகு முடிச்சூரில் பெய்த முதல் மழை இது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மானியின் பக்கத்திலேயே நின்றேன்.

நாம் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். வானிலை அலுவலகத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் நாளில் நான் ரயில் ஏறிப் போயிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மழைமானியை விளக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஓர் உழவு மழைன்னா உங்க கணக்குல எத்தினி மில்லி மீட்டர்?" என்று கேட்டேன். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் எங்கள் வீட்டில் அதை ஓர் உழவு மழை என்பார்கள். எனக்குத் தெரிந்த மழை அளவு அதுதான். அவர் சிரித்துவிட்டு அடுத்த கருவிக்கு நகர்ந்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது.

பின்னாலிருந்து நீங்கள் கேட்டீர்கள்: "உங்க மண்ணு களிமண்ணா, மணலா? அது தெரியாம எப்படிச் சொல்றது?"

என் கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள்தான். தாம்பரம்வரை ஒரே பெட்டியில் பேசிக்கொண்டே வந்தோம். நீங்கள் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எட்டாவதோடு நின்றவன், சிமெண்டுக் கடைக்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் நீங்கள் என்னை அண்ணா என்றீர்கள். படித்தவர் என்பதால் நான் உங்களை சார் என்றேன். கடைசிவரை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று ரயிலில் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும். வேலையில் இருந்தபோது தினமும் வானிலைத் தந்திகளை அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் வெறும் எண்கள், ஐந்தைந்து எண்களாக. கல்யாணத் தந்தியும் சாவுத் தந்தியும் காத்திருக்க, அந்த எண்கள் முதலில் போகுமாம். "என்ன அனுப்பறோம்னே தெரியாம இத்தனை வருஷம் தட்டியிருக்கேன் அண்ணா. ரிட்டயர் ஆனதும் அதைத் தெரிஞ்சுக்காம விடக்கூடாதுன்னு உக்காந்தேன்." உட்கார்ந்து படித்தவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு மழைமானியையும் நட்டுவிட்டீர்கள். நாம் சந்தித்த அடுத்த மாதமே நானும் ஒன்று வாங்கி முடிச்சூரில் நட்டேன். அதிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு போன். "ராஜகீழ்ப்பாக்கம்" என்பீர்கள், பேர் சொல்ல மாட்டீர்கள். "முடிச்சூர்" என்பேன் நான். அளவைச் சொல்லிக்கொள்வோம். நடுவில் தாம்பரம் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் பக்கம் கொட்டும், என் பக்கம் ஒரு தூறல்கூட இருக்காது. "எங்க மேகத்தை நீங்க புடிச்சி வெச்சிகினீங்க சார்" என்று சொன்னால் போனிலேயே அப்படிச் சிரிப்பீர்கள்.

என் பிள்ளைகளுக்கு இது பைத்தியக்காரத்தனம். சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்கு நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்பார்கள். அதற்கு பதில் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். மழையை முதலில் அளந்தவன் அரசன், வரி போடுவதற்காக. அதற்குப் பிறகு இந்தச் சாஸ்திரத்தைப் பல காலம் தூக்கிச் சுமந்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள்: பாதிரியார், வைத்தியர், கப்பல்காரர், கலங்கரை விளக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர். ஆளுக்கொரு மூலையில் எழுதி வைத்தார்கள். அவரவர் மழை அவரவருக்கு மட்டும் தெரியும். தந்தி வந்த பிறகுதான் எல்லா மூலையும் ஒரே படத்தில் சேர்ந்தது, புயல் நடந்து போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. "எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கணும். அவ்வளவுதான் அண்ணா பெரிய கண்டுபிடிப்பு" என்பீர்கள்.

அங்கேதான் நமக்கு வினை இருந்தது.

ஒரு ஐப்பசி மாதம், இரண்டு ஊர் மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று உங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். இரண்டையும் விரித்து வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினீர்கள். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தீர்கள்.

"அண்ணா, உங்க ஊர்ல மழை ஒரு நாள் முன்னாடியே வந்துடுதா?"

"இன்னா சார் சொல்றீங்க?"

"எங்கிட்ட புதன்கிழமை இருக்கிறது உங்ககிட்ட செவ்வாய்க்கிழமை இருக்கு. முதல் பக்கத்துலேருந்து இப்படியே இருக்கு."

போனில் நாம் அளவை மட்டும்தான் சொல்லிக்கொண்டோம். தேதியைச் சொல்லிக்கொண்டதே இல்லை. காலை எட்டரைக்கு அளந்தால், முந்தின இருபத்துநான்கு மணி நேர மழையை அளந்த நாளின் தேதியில் எழுத வேண்டுமாம். நாடு முழுக்க விதி இருக்கிறதாம். நான் மழை பெய்த நாளில் எழுதியிருந்தேன்; விடியும்வரை எனக்கு முந்தின நாள்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெய்த மழையைப் புதன்கிழமை என்று எழுத என் கை வராது.

"மழைக்கு எட்டரை மணி தெரியுமா சார்?"

"மழைக்குத் தெரிய வேண்டாம். நமக்குத் தெரிஞ்சா போதும். எல்லாரும் அவங்கவங்க நியாயத்துக்கு எழுதினா படம் எப்படிச் சேரும்?"

"நான் படத்துக்கு எழுதல. பேஞ்ச மழைக்கு எழுதறேன்."

"பிடிவாதத்துக்கு எழுதறீங்க."

காபியை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டீர்கள். மறுநாள் காலை எட்டரைக்கு போன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. நான் ஏன் அடிக்க வேண்டும்?

அந்தக் கார்த்திகையில்தான் எங்கள் காலனிக்குள் தண்ணீர் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. எதிர்வீட்டு அம்மாவின் அரிசி டின் கூடத்தில் மிதந்தது. என் கடையில் சிமெண்டு மூட்டைகள் கல்லாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் அதிகாரிகள் சொன்னது ஒரே பதில்: என்றைக்கும் இல்லாத மழை, யார் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரியும், அது என்றைக்கும் இல்லாத மழை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைவிடக் கூடுதலாக ஒரே இரவில் பெய்திருக்கிறது. அன்று யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. நடுவில் நடந்தது என்ன? ஏரியிலிருந்து வரும் கால்வாய்க்கு மேலே புது ரோடு போட்டு, அடியில் ஒரு சின்னக் குழாயைச் சொருகிவிட்டார்கள். எங்கள் நிலத்தை மனை போட்டு விற்றோம், உண்மைதான். கால்வாயை யாரும் விற்கவில்லையே.

பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம் போட்டார்கள். ரோடு போட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்திருந்தார். என் பெண் வயது. நான் என் நோட்டைக் கொடுத்தேன். குழாயை எடுத்துவிட்டு அகலமான சிறுபாலம் கட்ட வேண்டும், இதோ ஆதாரம் என்றேன். அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தன்னிடம் இருந்த அரசாங்கப் பதிவையும் பார்த்தார்.

"சார், நீங்க பெரிய மழைன்னு எழுதியிருக்கிற செவ்வாய்க்கிழமை எங்க பதிவுல மழையே இல்லை. புதன்கிழமைதான் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி மழையும் இதே மாதிரி தேதி ஒத்துப்போகலை. இதை நான் எப்படி மேல அனுப்பறது?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பெரியவரு வூட்டுக்கு மட்டும் மழை ரிசர்வேஷன் பண்ணிகினு முன்னாடியே வந்துட்டுது போல!" ஹால் முழுக்கச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது.

"தண்ணி என் வூட்டுக்குள்ள செவ்வாக்கெழம ராத்திரி வந்துதும்மா! நீங்க புதன்னு எழுதற வரைக்கும் அது வாசல்ல காத்துகினு இருக்குமா?"

கத்தினேனே தவிர, எல்லாம் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. அந்தக் குழாய் அங்கேயே இருக்கும். அடுத்த வருஷமும் அரிசி டின் மிதக்கும். அதற்குக் காரணம் என் நோட்டு என்று ஆகும்.

அப்போதுதான் கதவுப் பக்கம் நீங்கள் எழுந்து நின்றீர்கள். நீங்கள் வந்திருந்ததையே நான் பார்க்கவில்லை. கையில் நனைந்த குடை, கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய உங்கள் நோட்டு. முடிச்சூரில் உங்களுக்கு ஒரு மனைகூட இல்லை. என்னோடு பேச்சும் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள்.

"மேடம், நான் ராஜகீழ்ப்பாக்கத்துல மழை எடுக்கறேன். உங்க விதிப்படிதான் எழுதறேன். இதையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவர் நோட்டுல ஒவ்வொரு மழையையும் ஒரு நாள் தள்ளுங்க, அப்படியே ஒத்துப்போகும். இவர் தேதி தப்பு. இவர் மழை தப்பில்லை."

"யாரு தேதி சார் தப்பு?" என்று நான் எழுந்தேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாத்தீங்களா மேடம், இப்பகூட ஒத்துக்க மாட்டார். நாளுக்கு ஒரு மாதிரி எழுதற ஆளா இருந்தா நோட்டைத் தூக்கிப் போடலாம். இவர் ஒரே தப்பை முதல் நாள்லேருந்து பிடிவாதமா பண்ணியிருக்கார். ஒரு தடவைகூட மாறலை. இந்த மாதிரி ஆளைத்தான் மேடம் நம்பலாம்."

அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார். இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் விரல் ஓட்டினார். நகல் எடுத்து மேலே அனுப்பலாம், ஆனால் தேதி பற்றி நோட்டுக்காரர் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

நான் தப்பு என்று எழுத மாட்டேன் என்றேன். எதிர்வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, ஒரு கையெழுத்துண்ணே, எங்க வூட்டு அரிசியப் பாருங்கண்ணே!" ஹாலே என்னைப் பார்த்தது. நீங்கள் பேனாவை எடுத்து என் நோட்டில் எழுதினீர்கள்: "மழை பெய்த நாளில் எழுதியது. அரசுப் பதிவோடு ஒப்பிட ஒரு நாள் கூட்டவும்." படித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் குடையை விரித்தபடி சொன்னீர்கள்: "தப்புன்னு எழுதலை, கவனிச்சீங்களா?"

"வாயால சொன்னீங்களே சார், நூறு பேரு எதிர்ல."

"வாயால சொன்னது தந்தியில போகாது."

மறுநாள் எட்டரைக்கு போன் அடித்தது. "ராஜகீழ்ப்பாக்கம்" என்றீர்கள். பழைய கதையை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

குழாயை எடுக்க அவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் எத்தனை முறை போய் நின்றேன், எத்தனை பேர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார்கள் என்பதெல்லாம் தனிக் கதை. சிறுபாலம் கட்டி முடித்த பிறகு வந்த முதல் பெருமழையில் நீங்கள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. "ஓடுது அண்ணா" என்றீர்கள். எனக்கு யாரும் அதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

என்னைத் திருத்த வேண்டும் என்று வந்தவர்கள் பலர். என் கோணலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதோடு சேர்த்தே என்னை நம்பியவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நம்பிக்கை இன்னும் என் மேல் இருக்கிறது. அதனால்தான் மழை இல்லாத நாளிலும் காலையில் போய் மானியைத் திறந்து பார்க்கிறேன், இல்லை என்று எழுதுவதற்கு.

இன்று மானியிலிருந்து வீட்டுக்குள் வந்தபோது போன் அடித்தது. உங்கள் வீட்டம்மா.

"அண்ணா, அவர் மானியில தண்ணி நிக்குது. என்ன பண்றதுன்னு தெரியலை. கீழ ஊத்திடட்டுமா?"

"வேணாம்மா. அளந்து எழுதுங்க. அளவுக் கிளாஸ்ல ஊத்தி மேடையில வெச்சி, தண்ணி மட்டத்துக்குக் குனிஞ்சி பாருங்க."

பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். திரும்ப வந்து அளவைச் சொன்னார். சரியாகப் பார்த்திருந்தார். பிறகு நோட்டின் பக்கங்கள் புரளும் ஓசை. உங்கள் கையெழுத்தைப் பார்த்திருப்பார்.

"தேதி என்ன போடறது அண்ணா? மழை நேத்து ராத்திரிதானே பெஞ்சுது. நேத்து தேதிதானே போடணும்?"

இத்தனை வருஷத்தில் என் பக்கம் பேசிய ஒரே ஆள் உங்கள் வீட்டம்மாதான் சார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லம்மா. இன்னிக்கித் தேதி போடுங்க. அவரு அப்பிடித்தான் எழுதுவாரு."

போனை வைத்தேன். என் நோட்டை எடுத்து, முடிச்சூர் மழையை நேற்றுத் தேதியில் எழுதினேன்.