"நல்லா இருக்கேங்க" என்று சொன்ன அக்காவுக்கு

என் உயிரான காத்தாயி அக்கா,

எனக்கு எழுதத் தெரியாது. ஹாலிஎல ஊர்க் கடைக் கணக்குப்பிள்ளை, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் இதை வாசித்துக் காட்டவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். செத்தவளுக்குக் கடிதமா என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

உன் மகள் செவந்தியைப் பற்றிச் சொல்லத்தான் இது. அதற்கு முன் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாயே, அன்று கம்பளியில் தூளி கட்டித்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். வராந்தா நிறையச் சனம். விரல் நசுங்கிய வண்டிக்காரன் ஒருவன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். மருந்து கட்டும் டிரஸர் ஐயா உன் பக்கத்தில் குனிந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நீ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்லா இருக்கேங்க ஐயா" என்றாய்.

யாரிடம் என்ன சொன்னாய் அக்கா? அது துரை கேட்டால் சொல்கிற பதில். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கங்காணி கேட்டால் சொல்கிற பதில். காய்ச்சலில் கொதித்தாலும் அதையே சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். அந்த மனிதர் உன்னை நம்பி வண்டிக்காரனிடம் போய்விட்டார். மறுபடி வந்து உன் வயிற்றைத் தொட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. தொட்டதும் அவர் முகம் மாறிப்போனது. பெரிய டாக்டர் ஓடிவந்து, நீ போகும்வரை உன் பக்கத்திலேயே இருந்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் செவந்திக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டு ரத்தமும் போனது. அதே கம்பளி. ரயிலுக்காக மலையை வெட்டிப் போட்டிருப்பதால் சுற்றிக்கொண்டு போனோம். வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஐயா கேட்டா, வலி உசிரு போகுது, ரத்தம் நிக்கலைன்னு சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்." கிளி மாதிரி சொன்னாள்.

வராந்தாவில் அன்றும் கூட்டம். டிரஸர் ஐயா வந்து கேட்டார். உன் மகள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கேங்க ஐயா."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல? "பொய் சொல்றாங்க ஐயா, நம்பாதீங்க. இவ அம்மாவும் இங்கதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுச் செத்தா. கம்பளியத் தூக்கிப் பாருங்க" என்று கத்தினேன். தூக்கிப் பார்த்தவர் அப்போதே அவளை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

"பொம்பளைக்கு இம்புட்டு வாயா?" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர்.

"ஆமாங்க. எங்க அக்காவுக்கும் சேத்து இருக்கு" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டார்கள். காத்துக் கிடந்தேன். நீ போன அந்தப் பொழுது வந்ததும் எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன். அதையும் தாண்டி இருட்டிய பிறகு, உள்ளே பிள்ளை அழுத சத்தம் கேட்டது. பெண்பிள்ளை அக்கா. கொஞ்சமும் கூச்சப்படாமல் வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுதாள். செவந்தி இன்னும் கட்டிலில்தான் இருக்கிறாள். டாக்டர் பொறுமையாகப் பார்க்கிறார். பிழைத்துவிட்டாள் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

இனி நம் லயத்திலிருந்து யாரைத் தூக்கிப்போனாலும் பக்கத்தில் நான் நடப்பேன். அன்றைய சம்பளம் போனாலும் போகட்டும். அவர்கள் மறைப்பதை நான் சொல்லுவேன். இது உன்மேல் சத்தியம்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். நல்லா இல்லை அக்கா. நீ இல்லாமல் ரொம்ப வலிக்கிறது.

இனி வாய் மூடாத உன் தங்கச்சி,
வீராயி