சீனு கொண்டுவந்த வெளிச்சம்

8-6-78
விடியற்காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை. கிடங்குகளிலிருந்து நனைந்த சுக்கின் நெடி. கல்லூரியில் துறைத் தலைவர் பதவி இந்த வருஷமும் எனக்கு இல்லை, என்னிடம் படித்தவனுக்கு.

என் மனைவி விசாலத்தின் தம்பி சீனு அமெரிக்காவிலிருந்து லீவில். மகனைப் பார்க்க மாமியாரும் பாலக்காட்டிலிருந்து. சீனு எனக்குக் கொண்டுவந்தது ஒரு ஷேவிங் செட்.

அங்கே அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கண் தெரியாதவர்களின் மூளையில் மெல்லிய கம்பிகள் வைத்துச் சோதிக்கிறார்களாம். முன்பு பார்வை இருந்தவர்கள்தான் வேண்டும். விசாலத்துக்குக் கண் போய் எட்டு வருஷம்.

"முகம் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா. பொட்டுப் பொட்டா வெளிச்சம், அவ்வளவுதான். சோதனையாக்கும், வைத்தியம் இல்லே."

"ஒரு பொட்டு போரும்."

9-6-78
தூறல். சீனு அவளிடம் வரிசையாகக் கேள்விகள். "வலிப்பு வந்ததுண்டோ? இருந்தா எடுக்கமாட்டா. கரண்ட் பாயறச்சே உயிருக்கே ஆபத்து."

மாமியார் முந்திக்கொண்டாள். "எங்காத்துல அதெல்லாம் கிடையாது."

பெண் பார்த்த அன்று மாமனார் சொன்னதும் இதையேதான். கல்யாணமான இரண்டாம் மாசம் விசாலம் சமையலறையில் விழுந்து துடித்தாள். சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தவன் நான். சீனு அப்போது ஹாஸ்டலில். இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அவளுக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருஷம்.

10-6-78
மைத்துனன் என்ன கொண்டுவந்தான் என்று சாயாக்கடைப் பரீது கேட்டான். பொட்டு வெளிச்சம் என்றேன். "அதெந்தா சாரே, புதிய டார்ச்சோ?"

குடை ரிப்பேர். மண்ணெண்ணெய் இல்லை.

சாயங்காலம் விசாலம்: "சீனுட்ட சொல்லிடுவேளா?"

சொல்லாமல் எப்படி என்றேன்.

"எங்கப்பா மறைச்சு என்னை உங்களுக்குக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமா குத்திக் காட்டறேள். ஒரு தரம் நீங்களும் மறைச்சு அனுப்புங்கோன்னா."

"செத்துப்போவாய்."

"இங்கே மாத்திரம்?"

11-6-78
எர்ணாகுளம் போகப் படகுத்துறையில் நிற்கும்போது சீனுவிடம் சொல்லிவிட்டேன். படகு வந்தது. இருவரும் ஏறவில்லை. "நல்லவேளை சொன்னேள், அத்திம்பேர்." நல்லவேளையாம்.

வீட்டில் மாமியார்: "பழி தீத்துண்டுட்டேள், மாப்பிள்ளை."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

13-6-78
மழை விட்டிருக்கிறது. சீனுவும் மாமியாரும் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு இன்றுதான் விசாலம் பேசினாள்.

"பயந்துண்டு சொன்னேளா, கோவத்துல சொன்னேளா?"

"பயந்துதான்."

கையை நீட்டி என் முகத்தைத் தடவினாள். நெற்றி, கன்னம், வாய். வாயில் கொஞ்சம் அதிக நேரம். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.