பதினான்கு மாதங்களுக்கு ஒரு சாட்சி

அன்புள்ள உனக்கு,

நெப்ராஸ்காவில் ஒன்பது ஆண்டுகள் வாதாடியிருப்பதால், வழக்கறிஞர் தேர்வு எழுதாமலேயே கொலராடோ மாநிலம் என்னை வழக்கறிஞராக ஏற்கும். இடையில் வேலை செய்யாத பதினான்கு மாதங்களுக்கு மட்டும் விளக்கம் கேட்டார்கள். நம் மகனின் நோய் என்று எழுதினேன்.

இன்று அந்த அனுமதி அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அதுக்கு யாராச்சும் சாட்சி சொல்லணுமே, மேடம்."

"அவனோட அப்பா இருக்காரு."

"அட, வீட்டுக்காரர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்க எவ்ளோ நேரமாகும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

உறுதிமொழிப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. பதினான்கு மாதமும் நான் கேலப்பின் படுக்கையருகே இருந்ததாக அதில் தட்டச்சு செய்திருக்கிறேன். நீ அப்படியே கையெழுத்திட மாட்டாய். அவனுடைய கடைசி நாளன்று மதியம், என் பெயரில் மிச்சமிருந்த ஒரு பழைய வழக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் போனேன். "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்றேன். திரும்பியபோது நீ அவன் கண்களை மூடியிருந்தாய். அதன் பிறகு என்னோடு பேசவேயில்லை.

சத்தியம் செய்து பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்த மதியத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிடு. மற்ற நாட்களில் நான் அங்கே இருந்தேன் என்று மட்டும் எழுது.

அனுமதி மறுத்தால் தேர்வு எழுதிக்கொள்வேன். அந்த ஒரு வரியை உன் கையெழுத்தில் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னமும்,
அவனுடைய அம்மா