நின்றது பாட்டா, என் காதா

2025 மார்ச் 3, திங்கள்
பெரும்போக அறுவடை நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. மூட்டைகளை வழக்கம்போல முன்ஹோலில் கூரை முட்ட அடுக்கியாயிற்று. தூசியில் தும்மித் தும்மி மூக்குச் சிவந்து போனது. பின்னறை ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டு வருகிறது. வைஃபைக்கும் தும்மல் போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்
ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். ஸ்பீக்கரை மறுபடி இணைத்தேன். ஆலாபனை உச்சியில் பொசுக்கென்று சத்தம் நின்றது. ஆனால் கையிலிருந்த போன் திரை, பாட்டு ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் காட்டியது. இவர் நெல்லு மில்லிலிருந்து வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு நிண்டதெல்லா?"

"இல்லகா. நல்லாத்தானே போகுது."

பிறகு ஏன் எனக்கு மட்டும்? பிள்ளையில்லாத வீடு. கேட்க வேறு ஆளில்லை.

மார்ச் 6, வியாழன்
அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் காது போனது. ஒரேயடியாக அல்ல, விட்டு விட்டுத்தான் போனது. வருகிற ஆவணியில் எனக்கும் நாற்பத்தைந்து.

இதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 8, சனி
இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் எடுத்தேன். "உங்கட லைன் நல்லாத்தான் கிடக்கு ரீச்சர்" என்றான் அங்கே வேலை செய்யும் என் பழைய மாணவன். லைன் பழுதென்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்றிருந்தது. வைஃபை சேனலை மாற்றச் சொன்னான், மாற்றினேன். இன்றும் நின்றது. இவரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஒண்டும் நிக்கல்ல, சும்மா யோசிக்காத" என்றார்.

போனில் சேமித்து வைத்த பாட்டைப் போனிலேயே போட்டுக் கேட்கலாம். நிற்காவிட்டால் குற்றம் வைஃபையில். நின்றால்?

போடவில்லை. பயமாக் கிடக்கு. சத்தியமாப் பயமாக் கிடக்கு. சங்கீத ரீச்சருக்குக் காது போனா மிச்சம் என்ன?

மார்ச் 11, செவ்வாய்
வகுப்பில் ஒரு பிள்ளை சுருதி விலகிப் பாடினாள். விலகியது அவளா, நானா? திருத்தாமல் விட்டுவிட்டேன். இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

மார்ச் 15, சனி
ஏறாவூரிலிருந்து நுஸ்ரா வந்தார், எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். பின்னறையில் கதைத்துக்கொண்டிருந்தோம். பாட்டு நின்றது. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்ன ரீச்சர், பாட்டு நிண்டுட்டே?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், ஒன்றும் விளங்காமல் என் முதுகைத் தடவினார்.

காரணத்தையும் அவரே பிடித்தார். ரவுட்டர் ஹோலில், நெல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம். "எங்கட வீட்டு அரிசிக்கடையிலயும் இப்பிடித்தான். மூட்டைய அடுக்கினா அங்கால வைஃபை வராது. நெல்லில ஈரம் இருக்குந்தானே." ரவுட்டரைத் தூக்கிப் பின்னறை வாசலுக்கு மேலே மாட்டினோம். அதன் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. காதுக்கு ஒன்றுமில்லை! சந்தோஷத்தில் நுஸ்ராவின் தேநீருக்குச் சீனி போட மறந்துபோனேன்.

மார்ச் 16, ஞாயிறு
காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. பாட்டு உண்மையாகவே நின்றிருக்கிறது. இவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருந்தார். நிற்கவில்லை என்றார்.

இத்தனை வருசமா அந்த மில் மெஷினுக்குப் பக்கத்தில — ஐயோ, கடவுளே.

கிணற்றடியில் நின்றவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டேன். வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தார். முன்னால் போனதும், "என்னகா?" என்று சிரித்தார். இவ்வளவு நாளும் என் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்
கேட்க வாய் வரவில்லை. மாலையில் பாடினேன். எதிரே இருந்து கண்ணை மூடிக்கொண்டார். பாதி வரியில் நிறுத்தினேன். அவர் தலை ஆடிக்கொண்டேயிருந்தது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். மூடிக்கிடந்த என் வாயைப் பார்த்தார்.

"எப்ப நிப்பாட்டின?"

"இப்பதான்" என்றேன்.

"பொய் சொல்லாத சுலோ." கண்ணை என் வாயிலிருந்து எடுக்கவில்லை. "எனக்குப் பயமாக் கிடந்திச்சு. மில்லில தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிருவானுகள். உனக்குத் தெரிஞ்சா நீ எனக்குப் பாடமாட்டாய்."

பக்கத்தில் போய், அவர் காதோடு வாயை வைத்து, விட்ட வரியைப் பாடி முடித்தேன். எவ்வளவு கேட்டதென்று நான் கேட்கவில்லை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போகிறோம்.