ஐந்தாம் மாடி யன்னலிலிருந்து எடுத்த படங்கள்

கேத்திலின் அடியில் படிந்திருந்த சுண்ணாம்பை எடுப்பதற்காக இன்று காலை வினாகிரி ஊற்றிக் கொதிக்கவைத்தேன். ஆவி எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் நீங்கள் நிற்பதுபோல் இருந்தது. நீங்கள் படம் கழுவும்போது இதே புளித்த மணம்தான் வீடு முழுக்க வரும். கதவிடுக்கில் துவாயைச் செருகி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, "இப்ப திறந்திடாதேயும், இன்னும் கொஞ்சம்" என்பீர்கள். எல்லோரும் டிஜிட்டல் கமராவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாண வீடுகளுக்கு நீங்களும் அதைத்தான் கொண்டுபோனீர்கள். உங்களுக்கென்று எடுக்கும் படங்கள் மட்டும் பிலிமில்.

கிழமை நாட்களில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைகளில் கொலோன் நகரத் தமிழ்ச் சனத்தின் கல்யாணங்களும், பெண்பிள்ளைகள் பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடுகளும் என்று ஓடிய உங்களை ஒரு மழை நாள் மாற்றியது. நனையாமல் ஒதுங்கத்தான் ஒரு படக் கண்காட்சிக்குள் போனோம். உள்ளே இருந்தவையெல்லாம் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மாடி முகப்புகளைக் கீழேயிருந்து எடுத்திருந்தார்கள். அவை வானத்தில் குத்திய பல்வரிசை போலத் தெரிந்தன. இன்னொன்றில் தெரு ஒரு சாய்ந்த கோடு, மனிதர் அதன்மேல் ஒரு புள்ளி, அவருடைய நிழல் அவரைவிட நாலு மடங்கு நீளம்.

எனக்குக் கால் உளைந்தது. "இஞ்சாருங்கோ, மழை விட்டிட்டுது, போவம்" என்றேன்.

நீங்கள் அசையவில்லை. "இஞ்சை பாரும். கமரா கைக்கு அடக்கமா வந்த உடனை இவையள் கூரையிலை ஏறியிருக்கினம், நிலத்திலை படுத்திருக்கினம். நான் இருவது வரியமா நிண்ட இடத்திலையே நிண்டு எடுக்கிறன்."

திரும்பி வரும்போது ட்ராமில் யன்னலுக்கு வெளியே தண்டவாளங்கள் பிரிந்து சேர்வதையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்து வந்த கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் உங்களைக் காணவில்லை. நான் படத்துக்கான விளக்கைப் பிடித்தபடி தேடினேன். மண்டபத்தின் மேல்மாடத்தில், கைப்பிடிக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றீர்கள். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். குனிந்த தலைகளெல்லாம் ஒரு வட்டம். நடுவில் பெண்ணின் வகிடு, அடிமட்டம் வைத்துக் கோடு கீறியது போல. அதைச் சுற்றிக் கைகள். அட்சதை வெள்ளைப் பொட்டுகளாக அந்தரத்தில் நின்றது.

பெண்ணின் தகப்பன் அல்பத்தை இரண்டு தரம் புரட்டினார். "தம்பி, எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனா என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறேக்கை அவளின்ரை முகம் எங்கை?"

அவர் கோபப்பட்டிருந்தால் நீங்கள் தாங்கியிருப்பீர்கள். அவர் அழுதார். "அண்ணை, மேலையிருந்து பார்க்க ஒரு பூ விரிஞ்ச மாதிரி இருந்தது. எனக்கு இறங்கி வர மனம் வரேல்லை" என்று மட்டும் சொன்னீர்கள். கதை பரவியது. படம் எடுக்கப் பேசி வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் வேறு ஆளைப் பிடித்தன. நீங்கள் கமராவை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வேலை முடிந்து வந்து யன்னலோரம் சும்மா இருக்கத் தொடங்கினீர்கள். அந்தச் சும்மா இருப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கல்யாண வீட்டிலை முகத்தை எடுங்கோ" என்றேன் ஒரு நாள். "ஞாயிறு காலமை நான் கீழை போய் நிக்கிறன். என்னை எப்பிடி வேணுமெண்டாலும் எடுங்கோ. முகம் கேக்க மாட்டன்."

நீங்கள் சிரித்ததைப் பார்த்து எத்தனை நாளாயிருந்தது!

எங்கள் தொடர்மாடியின் முற்றம் சதுரக் கற்கள் பதித்தது. ஒரு பக்கம் சைக்கிள் நிறுத்தும் அரைவட்டக் கம்பிகள். ஐந்தாம் மாடி யன்னலிலிருந்து நீங்கள் கத்துவீர்கள்: "இடப்பக்கம்! உமக்கில்லை, எனக்கு இடப்பக்கம்! கையை விரியும்!" ஒரு நாள் மூன்றாம் மாடி ஜேர்மன் கிழவி தலையை நீட்டி, ஏதாவது பிரச்சினையா, பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டாள். நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் தன் நாயோடு இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தப் படத்தில் நாங்கள் இரண்டு பொத்தான்கள். நாயின் நிழல் மட்டும் குதிரை அளவு.

போன வருடம் மாசியில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீர்களாம். பிறகு எழும்பவேயில்லை.

அஞ்சலி மண்டபத்தில் வைக்க உங்கள் படம் கேட்டார்கள். வீடு முழுக்கப் படங்கள். ஒன்றிலும் நீங்கள் இல்லை. அகதியாய் வந்த புதிதில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் பயந்துபோன பெடியன் ஒருவன் இருந்தான். அவனை எனக்குத் தெரியாது. றைன் ஆற்றுப் பாலத்தில் ஒரு பின்னேரம் நீங்கள் என்னை எடுத்த படத்தைக் கொண்டுபோனேன். அதில் உங்கள் நிழல் மூலையிலிருந்து நீண்டு வந்து என் காலடியில் முடியும்.

"நிழலுக்கே மாலை போடுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

ஹம்பேர்க்கிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது அவன்தான். ஒரு தோள் பதிஞ்சிருக்குப் பாருங்கோ. சின்னனிலையிருந்தே உப்பிடித்தான் நிக்கிறவன்." மாலையை அவரே போட்டார்.

இப்போது உங்கள் முகத்தை நினைத்தால் நேரே எதிரில் வருவதில்லை. பக்கத்தில் இருந்து சாப்பிட்ட முகம், உறங்கிய முகம் எல்லாம் எங்கோ கலங்கிப் போய்விட்டன. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததுதான் வருகிறது: யன்னல் சதுரத்தில் இரண்டு முழங்கைகள், ஒரு நாடி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வட்டம். பிறகு கமராவை இறக்குவீர்கள். அவ்வளவு தூரத்தில் சின்னதாக, ஆனால் முழுதாகத் தெரியும் உங்கள் முகம்.

"முடிஞ்சுது. மேலை வாரும், குளிருது."

அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.