ஹட்டனுக்குப் போய்ச் சேராத பகல் சாப்பாடு

என் பிரியமான சம்பந்திக்கு,

யோகா, நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. உன் மகளும் என் மகனும் ஒரே வாரத்தில் பிறந்த நாளிலிருந்து ஆபீசில் நாம் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டும் சண்டை போட்டு, அவள் அவனுடைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கிழித்துவிட்டாள். இந்தச் சம்பந்தம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நுவரெலியா டவுன் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. நம் ஆபீசைச் சுற்றி அதே வங்கிகள், அதே நகைக்கடைகள். வாசலில் படம் போட்ட போர்டு வைத்த சாப்பாட்டுக் கடைகள்தான் இன்னும் கூடியிருக்கின்றன. எல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கான விலை. நம்மைப் போன்றவர்கள் போர்டைப் படித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நீ போன பிறகு ஏழெட்டு வாரம் என் பகல் சாப்பாடு பேக்கரியில் ஒரு மீன் பணிசும் பிளேன்டீயும். சிரிக்காதே.

உனக்கு இருந்த தைரியம் எனக்கு ஏது? எந்தக் கடைக்குள் போனாலும் நீ போர்டைப் பார்க்கவே மாட்டாய். நேராக அடுப்படி வாசலில் போய் நின்று, "அண்ணே, ஒங்களுக்குன்னு இன்னைக்கு என்ன ஆக்குனீங்க?" என்று கேட்பாய். நான் பின்னால் கூச்சத்தில் நெளிவேன். கடையில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்த பலாக்கொட்டைக் குழம்பும் கருவாட்டுச் சம்பலும் கொஞ்ச நேரத்தில் நம் தட்டில் இருக்கும். விலையும் கையைக் கடிக்காது. எத்தனை கடையில் கேட்டிருப்பாய், ஒருவராவது உன்மேல் கோபப்பட்டதை நான் பார்த்ததில்லை.

மரக்கறிச் சந்தைக்குப் பின்னால், அந்த விதைக்கடை மாடியைக் கண்டுபிடித்ததும் நீதான். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் பன்னிரண்டரைக்கு ஒரே படியில் ஏறுவதைப் பார்த்தாய். "வாடி சம்பந்தி, இவங்க நம்பி ஏறுற எடத்துல சோறு மோசமா இருக்காது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். மேலே போர்டும் இல்லை, படமும் இல்லை. சோமா அக்காதான் இருந்தார். சிங்களக்காரர், நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். சந்தையில் நறுக்கிப் போடும் முள்ளங்கி இலையையும் நோக்கோல் இலையையும் கழுவி, தேங்காய்ப்பூ போட்டு வதக்கி, சிவப்பரிசிச் சோற்றோடு வைத்தார். அந்த டவுனில் அதைவிட ருசியான சாப்பாட்டை நான் இன்னும் சாப்பிடவில்லை.

பீட்ரூட் இலையை மட்டும் மண் வாடை என்று அவர் ஒதுக்கிவிடுவார். அதைப் பார்த்துவிட்டு நீ சும்மா இருந்தாயா? தோட்டத்து லயத்தில் நம் வீடுகளில் ஆக்குகிற மாதிரி கருவாடு போட்டு அவருடைய அடுப்பிலேயே ஆக்கிக் காட்டினாய். அதன் பிறகு புதன்கிழமை தோறும் ஆபீசுக்கு முன்னால் படி ஏறி நீயே ஆக்கி வைத்துவிட்டு வருவாய். மூட்டை தூக்குகிறவர்கள் அதற்கு "யோகா கறி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் ஒரு கறி இருப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கடைசியில் பசி தாங்காமல் ஒருநாள் தனியாகப் படி ஏறினேன். சோமா அக்கா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, யோகா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். உன் மரண நோட்டீஸ் நீ பிறந்த பூண்டுலோயாவில்தான் ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரிய வழியில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஹட்டனுக்கு ட்ரான்ஸ்பர்" என்று வந்துவிட்டது. ஆபீஸ்காரர்கள் காணாமல் போனால் அதுதானே காரணம். அந்த மாடியில் மட்டும் நீ இன்னும் உயிரோடு இருந்தாய், யோகா. அதையும் நானே கெடுக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

அந்தப் பொய் என்னைச் சும்மா விடவில்லை. அடுத்த புதன்கிழமை சோமா அக்கா ஒரு சோற்றுப் பார்சலைக் கட்டிக் கையில் கொடுத்தார். "லிந்துலைக்கு ஹட்டன் பஸ்ஸுலதானே போறீங்க? எறங்குறப்ப கண்டக்டர்கிட்ட குடுத்துருங்க. ஹட்டன் ஸ்டாண்டுல யோகா எடுத்துக்கட்டும்." மருந்தும் தைத்த சட்டையும் இந்த மலையில் அப்படித்தானே ஊர் போய்ச் சேருகின்றன. நான் என்ன சொல்லி மறுப்பேன்?

மூன்று புதன்கிழமை உன் சோறு என் மடியில் நானுஓயாவைத் தாண்டி வந்தது. மூன்று தடவையும் அதை லிந்துலையில் என்னோடு இறக்கி, குசினியில் நின்றபடியே நானே தின்றேன். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

நாலாவது வாரம் சோமா அக்கா பார்சலின் மேல் உன் பெயரை எழுதிவிட்டார். கண்டக்டர் அதைப் பார்த்தார். "ஹட்டன் பார்சலா? குடுங்கக்கா. ஆளு ஸ்டாண்டுக்கு வருவாங்கல்ல?" என்று கையை நீட்டினார். வருவாயா, யோகா? "இல்ல தம்பி, இது எனக்குத்தான்" என்று பார்சலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் மாடிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சோமா அக்கா அகப்பையைக் கீழே வைத்து, "அனே" என்று சிங்களத்தில் பதறினார். பிறகு கோபமாகக் கேட்டார். "அப்ப நான் குடுத்த சோறெல்லாம்?"

"நான்தான் தின்னேன், அக்கா."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வர்ற பொதங்கிழம காலையில வாங்க. பீட்ரூட் எலை எடுத்து வைக்கிறேன். நீங்க ஆக்குங்க."

நானா? அந்த அடுப்புப் பக்கம் நீ என்னை ஒருநாளாவது விட்டிருக்கிறாயா? கருவாட்டைப் பொரித்துப் போட்டாயா, அப்படியே போட்டாயா? புளி எப்போது விட்டாய்? வீட்டில் நாலு நாள் ஆக்கிப் பார்த்தேன். முதல் நாள் ஆக்கியதை உன் மருமகன் துப்பிவிட்டான்.

இன்று காலை மாடியில் ஆக்கினேன். பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஏறி வந்தார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து வம்பளப்பாயே, மூட்டை தூக்குகிற அந்த முத்தையா அண்ணனும் வந்தார். சோமா அக்கா இன்னும் யாரிடமும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை; அங்கே எல்லோருக்கும் தெரிந்தது என் ட்ரான்ஸ்பர் கதைதான். முத்தையா அண்ணன் ஒரு வாய் வைத்தார். சட்டென்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"யோகா மிஸ்ஸு ட்ரான்ஸ்பர் முடிஞ்சு வந்துட்டாங்களா?"

சோமா அக்கா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. முத்தையா அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுதார். அழுதுகொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னுங் கொஞ்சம் அவங்க கறி வைங்க" என்றார்.

இனிப் புதன்கிழமை தோறும் அந்தப் படி ஏறுவேன், யோகா. பணிசோடு உட்கார்ந்திருக்கிற ஆபீஸ்காரர்களையும் இழுத்துக்கொண்டு போவேன். நான் ஆக்கினாலும் கறி உன் பெயரில்தான் இருக்கும்.

பிள்ளைகள் கொப்பியைக் கிழித்தாலும் முறை மாறாத
உன் சம்பந்தி,
சரோஜா
லிந்துலை